மின்னேற்றியின் அருகில் ஒரு நாற்காலி

அந்த வீட்டுக் கூடத்தில் பிரம்பு நாற்காலி ஒன்று எப்போதும் சுவரைப் பார்த்தபடியே கிடக்கும். விருந்தினருக்கு உரியதன்று அது. சுவரிலிருந்த மின்செருகியில் மின்கலத்துக்கான மின்னேற்றியைப் பொருத்தி, அதன் சிறிய சிவப்பு விளக்கு எரியத் தொடங்கியதும், வீட்டுக்குரிய அம்மையார் வந்து அதில் அமர்வார். மடியில் உரிக்க வேண்டிய வெங்காயமோ, பிரிந்த தையலோ, அன்றைய நாளேடோ இருக்கும். சிவப்பு விளக்கு பச்சையாகும்வரை எழமாட்டார். வாயிலில் யாரேனும் அழைத்தால், அமர்ந்த இடத்திலிருந்தே, "கதவு திறந்துதான் கிடக்கு, வாங்கோ" என்பார். நோயாளியின் கையில் சொட்டுச் சொட்டாக இறங்கும் மருந்துநீரைக் கண்காணித்துக் கழிந்த வாழ்க்கை அவருடையது. மருத்துவமனையை விட்டு வந்த பின்னரும் அந்த அமர்வு அவரை விடவில்லை.

ஜெலுத்தோங்கில் நாங்கள் குடியிருந்த அடுக்குமாடியில் அவரைப் பெயர் சொல்லி அழைத்தவர் எவருமிலர். தமிழர், சீனர், மலாய்க்காரர் அனைவர்க்கும் அவர் 'மிஸ்ஸி'. தாதியரை அக்காலத்தில் அப்படித்தான் அழைத்தோம். யாழ்ப்பாணத்திலிருந்து மலாய் நாட்டுக்கு எழுத்தர் வேலைக்கு வந்த குடும்பங்களில் ஒன்றில் பிறந்தவர். நெடுங்காலம் எலும்பு முறிவுப் பிரிவில் பணியாற்றித் தலைமைத் தாதியாக ஓய்வு பெற்றவர். குள்ளமான, நிமிர்ந்த உருவம். பேச்சில் சொற்செட்டு.

குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து வரும் முதியவர்களைப் பார்த்துப் பார்த்து அவருக்கு ஒரு முடிவு ஏற்பட்டிருந்தது. "எலும்பு பொருந்தும், மாஸ்டர். ஆள்தான் எழும்பாது," என்று தமிழாசிரியனான என்னிடம் ஒருமுறை கூறினார். ஓய்வு பெற்ற ஆண்டிலேயே சப்பானில் செய்த கம்பியில்லாத் துளைப்பான் ஒன்றை வாங்கினார். கூடவே இரண்டு மின்கலங்கள். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. அத்தகைய கருவி எங்கள் தெருவில் வேறு எவரிடமும் இல்லை. அதைக் கொண்டு, முதியோர் உள்ள வீடுகளின் குளியலறைச் சுவர்களில் இரும்புக் கைப்பிடி பொருத்தித் தருவதை அவர் தம் வேலையாக வைத்துக்கொண்டார்.

கம்பியுள்ள துளைப்பான் மலிவாகக் கிடைக்குமே என்று கேட்டவர்களுக்கு அவர் தந்த மறுமொழி ஒன்றுதான்: "ஈரத்திலை நிண்டு வயரைப் பிடிக்கிறதும், இயமனைக் கை தட்டிக் கூப்பிடுறதும் ஒண்டு."

அவர் ஒரு வீட்டுக்கு வேலைக்குப் போவதைப் பார்க்க வேண்டும். முதல்நாளே சென்று, மறுநாள் காலை அக்குளியலறையை எவரும் பயன்படுத்தலாகாது என்று சொல்லி வருவார். காலையில் தரையையும் சுவரையும் தாமே உலர்ந்த துணியால் ஒற்றி எடுப்பார். குழாய்க்கு நேர்மேலே எங்கும் துளையிட மாட்டார். சுவருக்குள் நீர்க்குழாய் ஏறும் வழி அது. வளையல்களைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிவார். கண்ணுக்குக் காப்புக்கண்ணாடி, கூந்தலுக்குத் துணிக்கட்டு. பிறகு அவ்வீட்டு முதியவரை அழைத்து நிற்கச் சொல்வார். கையைத் தளர்த்தி, முழங்கையைச் சற்றே மடக்கச் சொல்லி, உள்ளங்கை எங்கு வந்து நிற்கிறதோ அங்கே சுவரில் எழுதுகோலால் கோடிடுவார். "எட்டிப் பிடிக்கிற பிடி, விழுத்திற பிடி" என்பது அவர் வாய்மொழி. கைப்பிடி ஆளின் கைக்கு வரவேண்டும். ஆள் கைப்பிடிக்குப் போகக் கூடாது.

துளைமுனையை மாற்ற வேண்டுமானால் முதலில் மின்கலத்தைக் கழற்றித் தனியே வைப்பார். கருவியைப் பிறர் கையில் கொடுக்கும்போதும் அப்படியே: மின்கலம் ஒரு கையில், கருவி மறு கையில். மூன்றாம் மாடியில் ஒரு மோட்டார்சைக்கிள் பழுதுபார்ப்பவர் இருந்தார், நகைச்சுவை மிக்கவர். தம் வீட்டு அலமாரிக்காகக் கருவியை இரவல் கேட்க வந்தவர் அதைப் பார்த்துச் சிரித்தார். பேச்சின் முடிவில் 'லா' ஒட்டுவது எங்களூர் வழக்கு.

"என்ன மிஸ்ஸி, இது துப்பாக்கியா லா? குண்டைக் கழட்டிட்டுக் கொடுக்கிறீங்க."

"துப்பாக்கிக் குண்டு வெளியிலை போகும், தம்பி. இது கைக்குள்ளை போகும்."

"சரி, சார்ஜர் வேணாம். எங்கிட்ட ஒண்ணு இருக்கு. சீக்கிரமா ஏத்திடும்."

"அப்ப பெட்டரியை இஞ்சை தாரும்."

"ஏன் மிஸ்ஸி, கோபமா?"

"கோபமில்லை. அதுக்கு எண்டு வந்த சார்ஜரிலைதான் அது ஏறவேணும். வேலை முடிஞ்சதும் கொண்டு வந்து தாரும், நான் ஏத்துறன்."

அவர் அவ்வாறே கொண்டு வந்து கொடுத்தார். மின்கலம் சுட்டது. அம்மையார் அதைக் கூடத்துச் சிமெண்டுத் தரையில் வைத்தார். "ஆறட்டும்," என்றார். சூட்டோடு மின்னேற்றுவது மின்கலத்தைக் கொல்வது, சில வேளை வெடிக்கவும் செய்வது என்று அவர் எங்கோ படித்திருந்தார். ஆறியது என்று தம் புறங்கையால் தொட்டு உறுதி செய்வார், காய்ச்சல் பார்ப்பதுபோல். அதன் பிறகே செருகுவார். தாம் வீட்டில் இல்லாத நேரத்திலும் உறங்கும் நேரத்திலும் மின்னேற்றி இயங்கியதே இல்லை.

"போட்டுட்டு வெளிய வாங்க லா, பெட்டரி என்ன ஓடியா போயிடும்?" என்று பழுதுபார்ப்பவர் வழக்கம்போல் சீண்டுவார்.

"ஓடாது. எரியும்," என்பார் அம்மையார், வெங்காயத்திலிருந்து கண் எடுக்காமல்.

இத்தனை வீடுகளில் கைப்பிடி பொருத்திய அவரது சொந்த வீட்டுக் குளியலறைச் சுவர் வெறுஞ்சுவராகவே இருந்தது. காரணம் அவர் கணவர்.

அவர் நெடிய மனிதர். கப்பல் அலுவலகம் ஒன்றில் தலைமை எழுத்தராக, எங்கள் வழக்கில் கிராணியாராக, இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டிலும் இஸ்திரி போட்ட சட்டையோடு இருப்பார். நடையில் தள்ளாட்டம் தொடங்கியிருந்தது. நாங்கள் எல்லாரும் அறிந்திருந்தோம், அவரைத் தவிர.

"இஞ்சேருங்கோ, ஒரு சின்னக் கம்பி. ஒரு காலைப்பொழுது வேலை," என்று அம்மையார் கேட்பார்.

"நான் என்ன உம்மட ஆசுப்பத்திரி வாட்டிலை கிடக்கிற கிழவனோ? சும்மா இரும்."

அத்துடன் அம்மையார் சும்மா இருந்துவிடுவார். என் மனைவிக்கு இது பொறுக்கவில்லை. அவர் வெளியே போயிருக்கும் நேரத்தில் பொருத்திவிட்டால் என்ன செய்துவிடுவார் என்று கேட்டாள். அதற்கு அம்மையார் சொன்னதை என் மனைவி பலமுறை என்னிடம் திருப்பிச் சொல்லியிருக்கிறாள்: "ஆள் சம்மதியாமல் நான் ஒருத்தருக்கும் ஊசி போட்டதில்லை. இவருக்கு மட்டும் என்னெண்டு போடுறது? ஒருநாள் ஓம் எண்டுவார். அண்டைக்குச் சாமான் ஆயத்தமாய் இருக்கவேணும்."

அவர் 'ஓம்' என்று சம்மதிக்கும் நாளுக்காக ஆயத்தமாகவே வைத்திருந்தார். அவருக்கென்று வாங்கிய கைப்பிடி, தாள் பிரிக்காமல் அலமாரியில் இருந்தது. ஒரு கைப்பிடிக்குரிய துளைகள் முடியும்போது ஒரு மின்கலம் தீர்ந்துவிடும். ஆகையால் ஒன்று பிறர் வீட்டு வேலைக்கு, மற்றொன்று அந்த ஒருநாளுக்கு. இந்த ஒழுங்கை அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. நாங்கள் பார்த்து அறிந்துகொண்டோம்.

ஓர் ஆயுத பூசையன்று அந்த ஒழுங்கு குலைந்தது. கணவர் அன்று கடவுட் படங்களின்முன் தாம் வழக்கமாக வைக்கும் பேனாவையும் பழைய அலுவலகப் பேரேட்டையும் வைத்ததோடு, மனைவியின் துளைப்பானையும் தாமே கொண்டு வந்து வைத்தார். அதற்கு அறுகம்புல் சூட்டினார். சந்தனத்தைக் குழைத்துக் கருவியின் நெற்றியில் இட்டார். கழற்றி வைத்திருந்த மின்கலம் பொட்டில்லாமல் இருப்பது குறையாகத் தோன்றியிருக்க வேண்டும். அதன் தலையில், செப்புத் தகடுகள் பளபளத்த அந்த இடத்திலேயே, ஈரச் சந்தனத்தைத் தாராளமாக அப்பி, குங்குமமும் வைத்து, மேலே தீர்த்தமும் தெளித்தார். அம்மையார் அடுக்களையில் மோதகம் அவித்துக்கொண்டிருந்தார். இலக்குமி படத்துக்கு முன்னால் மறுநாள்வரை அது அப்படியே இருந்தது.

அவர் என்னைக் கூப்பிட்டுக் காட்டியது நினைவிருக்கிறது. "பாத்தீரோ மாஸ்டர், மிஸ்ஸியின்ரை ஆயுதம். நானே வச்சன்," என்றார். பெருமை முகத்தில் வழிந்தது. அவர் அக்கருவியைத் தொட்டதே அதுதான் முதல்முறை. அவருக்குப் பின்னால் நின்ற அம்மையாரின் பார்வை மின்கலத்தின்மேல் நிலைத்ததையும் நான் பார்த்தேன். "வடிவாய் இருக்கு," என்று அழகை மட்டும் மெச்சினார்.

சில நாள் கழித்து, கணவர் இல்லாத நேரத்தில், அந்த மின்கலத்தை என்னிடம் காட்டினார். தகடுகளில் பச்சை பூத்திருந்தது. உலர்ந்த துணியால் துடைத்தும் அழிப்பானால் தேய்த்தும் பார்த்துவிட்டார். மின்னேற்றியில் வைத்தால் விளக்கு எரியவில்லை. பக்கவாட்டில் மட்டும் சூடு கண்டது. உடனே கழற்றிவிட்டார். "இது செத்துப்போச்சு. அவருக்குச் சொல்லிப்போடாதேங்கோ, மாஸ்டர். இவ்வளவு நாளுக்குப் பிறகு ஆசையாய்த் தொட்டவர்," என்றார். தகடுகளின் மேல் ஒட்டுநாடா சுற்றி, ஆணி முதலிய இரும்பு எதுவும் இல்லாத ஒரு வெற்று பிஸ்கட் டின்னில் அதைத் தனியே வைத்தார். குப்பையில் போட மறுத்தார். குப்பையைக் கொளுத்துவார்கள், இது தீயில் வெடிக்கும் என்றார். அது உண்மையே. ஆயினும் அது முழுக் காரணம் என்று நான் அப்போதும் எண்ணவில்லை.

அந்த மாதிரி மின்கலம் கடையில் வரவில்லை. வரும் வரும் என்றார்கள். ஒன்றே எஞ்சியது.

அடுத்த ஆண்டு, மழை விட்டுவிட்டுப் பெய்த ஒரு வெள்ளிக்கிழமை. கீழ்த்தள வீட்டுச் சீன மூதாட்டிக்குக் கைப்பிடி பொருத்த அம்மையார் காலையில் போனார். ஏதோ ஓர் உந்துதலால் கணவரும் முக்காலியைத் தூக்கிக்கொண்டு உடன் சென்றார். வேலை முடிந்ததும் மூதாட்டி கைப்பிடியைப் பற்றி எழுந்தும் அமர்ந்தும், மறுபடி எழுந்தும் பார்த்து, பல்லில்லாத வாயால் சிரித்திருக்கிறார். "பாகுஸ், பாகுஸ்" என்று மலாயில் மெச்சி, கிராணியாரின் கையைப் பிடித்து இழுத்து, நீயும் பிடித்துப் பார் என்றிருக்கிறார். அவர் பிடித்தார்.

மதிய உணவின்போது அவர் சொன்னாராம்: "இஞ்ச பாரும், எனக்கும் அப்படி ஒண்டு போடுமன்."

அம்மையார் கையிலிருந்த அகப்பையை வைத்துவிட்டுக் குளியலறைக்கு அவரை அழைத்துச் சென்றார். அங்கேயும் கிராணியார் விட்டுக்கொடுக்கவில்லை. முழங்கை உயரத்தில் வேண்டாம் என்றார். தம் தோளுயரத்தில், துண்டு உலரப்போடும் உயரத்தில், சுவரைத் தட்டி, "இஞ்சை போடும். தெரியாதவன் பாத்தால் துவாய் போடுற கம்பி எண்டு நினைக்கவேணும்," என்றார். வேறு யாராவது சொல்லியிருந்தால் அம்மையார் ஏற்றிருக்க மாட்டார். அன்று அவர் காட்டிய இடத்திலேயே கோடிட்டார். துளையிடும் வேளையில் கெஞ்சிக் கீழே இறக்கிக்கொள்ளலாம் என்று எண்ணியதாகப் பின்னர் என் மனைவியிடம் சொன்னார்.

இதை எங்களுக்கு அறிவிக்க அம்மையாரே எங்கள் வாயிலுக்கு வந்தார். அந்த முகத்தில் அப்படியொரு மலர்ச்சியை நான் அதற்குமுன் கண்டதில்லை. "ஓம் எண்டிட்டார்," என்றார். "எப்போது?" என்றாள் என் மனைவி. "பெட்டரி காலைவேலையிலை முடிஞ்சுபோச்சு. இன்னும் சூடு. ஆறினதும் ஏத்தவேணும். விளக்கு பச்சை ஆனதும் துளை போட்டிடுவன்."

அது ஆறியது. அவர் செருகினார். நாற்காலியில் அமர்ந்தார். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வெள்ளிக்கிழமையாதலால் மாலையில் கோயிலுக்குப் போக வேண்டும். கணவர் குளிக்கப் போனார்.

"மாஸ்டர், ஒருக்கால் வாங்கோ," என்ற குரல் கேட்டது. உரத்த குரலன்று. நானும் பழுதுபார்ப்பவரும் ஓடினோம். குளியலறைத் தரையில் கிராணியார் கிடந்தார். ஒரு கால் முறைமாறித் திரும்பியிருந்தது. அம்மையார் அவர் தலையின்கீழ் துணியை மடித்து வைத்து, உடம்பை மூடி, தரையில் அமர்ந்திருந்தார். "தூக்காதேங்கோ. ஆம்புலன்சுக்குச் சொல்லுங்கோ," என்றார். அவர் தாதியாகிவிட்டிருந்தார்.

கிராணியார் வலியோடு கண்ணைத் திறந்தார். "உம்மட பெட்டரி பச்சை ஆயிட்டுதோ?"

"இன்னும் இல்லை," என்றார் அம்மையார்.

ஆட்கள் வந்து அவரைத் தூக்குப்படுக்கையில் ஏற்றி வெளிக்கொண்டு போனார்கள். அம்மையார் பின்னாலேயே வாயில்வரை வந்தவர், திரும்பினார். கூடத்துக்குள் சென்று மின்செருகியின் விசையை அணைத்தார். மின்னேற்றியைப் பிடுங்கினார். மின்கலத்தைக் கழற்றித் தரையில் வைத்தார். புறங்கையால் ஒருமுறை தொட்டுப் பார்த்தார். பிறகே வந்து கணவரோடு படியிறங்கினார்.

நடைவழியில் நின்ற பெண்கள் அனைவரும் இதைக் கண்டனர். "புருஷன் அப்படிக் கிடக்கிறாரு, இவங்க பிளக்கைப் பிடுங்கிட்டு வர்றாங்க பாருங்க," என்றாள் ஒருத்தி. "மிஸ்ஸிமாருக்கு மனசு மரத்துப் போயிடும் லா," என்றாள் இன்னொருத்தி. பழுதுபார்ப்பவர் மட்டும் அவர்கள் பக்கம் திரும்பி, "சும்மா இருங்கக்கா," என்றார். அன்றைக்குப் பின் அவர் அம்மையாரை எதற்காகவும் சீண்டியதாக எனக்கு நினைவில்லை.

மருத்துவமனையில் அவரைக் காணச் சென்றேன். அம்மையார் கட்டிலருகே அமர்ந்து, இறங்கும் மருந்துநீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிராணியார் தெளிவாகவே பேசினார்.

"மற்றப் பெட்டரி நல்லாய் இருந்திருந்தால் மத்தியானமே வேலை முடிஞ்சிருக்கும், என்ன?"

அம்மையார் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்.

"அது வயசுபோன பெட்டரி. இண்டைக்கோ நாளைக்கோ எண்டுதான் இருந்தது."

"என்னைப்போலை," என்று அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு இருமலாயிற்று. நெஞ்சில் சளி கட்டத் தொடங்கியிருந்தது. எலும்பு பொருந்தும், ஆள்தான் எழும்பாது என்பதை அவ்விருவரில் ஒருவர் நன்கறிவார். அந்த வாரம் முடியுமுன் அவர் காலமானார்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்து, உறவினர் எல்லாரும் போன பின் நானும் என் மனைவியும் அங்கிருந்தோம். அம்மையார் பிரம்பு நாற்காலியில் இருந்தார். சுவரில் மின்னேற்றி இல்லை.

"அண்டைக்குச் சூட்டோடை போட்டிருந்தால் என்ன, மாஸ்டர்?" என்று கேட்டார். "ஒரேயொரு தரம்."

கேட்டவரே தலையசைத்தார்.

"இல்லை. போடக்கூடாது. மேலையும் கீழையும் பிள்ளையள் இருக்கிற கட்டடம்."

பிறகு எழுந்து, தேநீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். மறுநாள் காலையில் அவர் வீட்டிலிருந்து துளைப்பானின் ஒலி கேட்டது. விட்டுவிட்டுக் கேட்டது. நாங்கள் எவரும் எட்டிப் பார்க்கவில்லை.

அதன் பின்னரும் அவர் பிறர் வீடுகளுக்குப் போனார். அதே உலர்ந்த துணி, அதே கண்ணாடி, அதே முழங்கைக் கணக்கு. புதிய மின்கலம் கடைக்கு வந்தபோது ஒன்று வாங்கினார். ஆயினும் அந்த டின் அலமாரியிலேயே இருந்தது. ஒருநாள் ஏதோ தேடியெடுக்கையில் திறந்தார். ஒட்டுநாடாவின் ஓரத்தில் குங்குமம் இன்னும் சிவந்திருந்தது.

நான் அவரைக் கடைசியாகக் கண்டது புக்கிட் மெர்தாஜாமிலிருந்து அவருடைய தங்கை மகள் வந்திருந்த ஒரு பிற்பகலில். பெரியம்மா தனியாக இருக்க வேண்டாம் என்று தன்னோடு அழைத்துச் செல்ல வந்திருந்தாள். பெட்டிகள் கட்டியாகிவிட்டன. நான் விடைகொடுக்கப் போயிருந்தேன். அந்தப் பெண் முகம் கழுவிவிட்டுக் குளியலறையிலிருந்து வந்தாள்.

"என்ன பெரியம்மா, துவாய்க் கம்பியை இவ்வளவு உசரத்துல மாட்டி வச்சிருக்கீங்க? உங்களுக்கு எட்டவே எட்டாது லா."

திறந்திருந்த கதவின் வழியே எனக்கும் தெரிந்தது. நெடிய மனிதர் ஒருவரின் தோளுயரத்தில், பிசகாத நேர்கோட்டில், பளபளவென்றிருந்தது அந்தக் கைப்பிடி. அதன்மேல், ஓரம் நைந்த, சலவை செய்து நான்காய் மடித்த, ஆண்கள் துவாய் ஒன்று கிடந்தது.

அம்மையார் என் பக்கம் திரும்பவில்லை.

"ஓம் பிள்ளை," என்றார். "துவாய் போடுற கம்பிதான்."